மச்சான் கையில் இருந்த சுக்கான்

எனக்குச் சும்மா இருக்க வராது. போலீஸ் வேலையில் முப்பத்திரண்டு வருஷம் ஓடினவன். ஓய்வு பெற்ற மறுநாள் காலை ஐந்து மணிக்கே எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, எங்கே போவதென்று தெரியாமல் தென்காசிப் பக்கம் குத்துக்கல்வலசையில் எங்கள் தெருவை மூன்று சுற்று சுற்றிவிட்டு வந்தேன். அந்த வாரமே வீட்டில் இருந்த குழாய்களை எல்லாம் கழற்றி மாட்டினேன். அதில் இரண்டு நான் கை வைத்த பிறகுதான் ஒழுக ஆரம்பித்தன. என் மனைவி பத்து நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு, அண்ணன் வீட்டில் ஒரு படகு கிடக்கிறதே, அதைப் போய் நோண்டுங்கள், என் குழாயை விடுங்கள் என்று விரட்டிவிட்டாள்.

அவளுக்கு அண்ணன், எனக்கு மச்சான். என்னைவிட நாலு வயது மூத்தவர். குற்றாலம் போகிற வழியில் மேலகரத்தில் வீடு. வளைகுடாவில் ஒரு படகுப் பட்டறையில் இருபத்துநாலு வருஷம் வேலை பார்த்தார். பணக்காரர்களின் பாய்மரப் படகுகளைத் தேய்த்து, வார்னிஷ் அடித்து, கயிறு மாற்றி, கடலில் ஓட்டிப் பார்த்துத் துறைமுக வாசல்வரை கொண்டுவருவது அவர் வேலை. வாசலில் முதலாளி ஏறிக்கொள்வார். சுக்கானை முதலாளி கையில் கொடுத்துவிட்டு இவர் முன்னால் போய் உட்கார்ந்துவிட வேண்டும். கரையில் நண்பர்கள் கைதட்ட, முதலாளி தானே கடலைக் கடந்து வந்ததுபோல் உள்ளே ஓட்டிப் போவார். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட மச்சான் ஒரு பாய்மரப் படகைத் துறைமுகத்துக்குள் தன் கையால் கொண்டுபோனதில்லை.

ஊருக்குத் திரும்பியதும் மற்றவர்கள் மாடி கட்டினார்கள், கல்யாண மண்டபம் கட்டினார்கள். இவர் கொல்லத்தில் காயலோரம் கேட்பாரற்றுக் கிடந்த பதினெட்டடிப் பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, வண்டியில் ஏற்றி, மலை தாண்டி மேலகரத்துக்குக் கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்தினார். கடலுக்கும் மேலகரத்துக்கும் நூறு கிலோமீட்டர் இருக்கும். ஊர் சிரித்தது. அருவி சீசனுக்கு வருகிறவர்கள் காரை நிறுத்தி, குற்றாலத்தில் படகு சவாரி இங்கேதானா, ஒரு சுற்றுக்கு எவ்வளவு என்று விசாரித்துவிட்டுப் போவார்கள். அவர் கோபப்படாமல், அது ஐந்தருவிப் பக்கம் என்று வழி சொல்லி அனுப்புவார். நானாக இருந்தால் நாயை அவிழ்த்து விட்டிருப்பேன்.

நான் ஓய்வு பெற்ற அதே மாசம் அவர் கண்ணைப் பற்றித் தெரியவந்தது. கண்ணுக்குள் நீர் அழுத்தம் கூடிப் பக்கவாட்டுப் பார்வை இரண்டு பக்கமும் மூடிக்கொண்டே வந்திருக்கிறது. நேரே பார்த்தால் தெளிவாகத் தெரியும், பக்கத்தில் நிற்கிற ஆள் தெரியாது. போன பார்வை போனதுதான், மருந்து மிச்சத்தைக் கொஞ்ச நாள் பிடித்து வைக்கும், அதற்கும் உத்தரவாதம் சொல்ல முடியாது என்று திருநெல்வேலி டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு வருஷமோ, அதற்கும் குறைவோ.

மச்சான் அழவில்லை. வீட்டுக்கு வந்து, படகின் மேல் கிடந்த தார்ப்பாயை உருவிப் போட்டார். சித்திரையில் கடலுக்குப் போகணும் என்றார். கொல்லத்தில் இறக்கி, கரையை ஒட்டியே தெற்கே இரண்டு நாள் மெதுவாகப் போய், ஏதாவது ஒரு சின்ன மீன்பிடித் துறைமுகத்துக்குள் பாயிலேயே நுழைந்து கட்டவேண்டும். சுக்கான் அவர் கையில் இருக்க, அந்த வாசல் திறந்து கிட்டே வருவதை அவர் கண்ணால் பார்க்கவேண்டும். அவ்வளவுதான் ஆசை. கடல் ஒப்பந்தம் போட்டதுபோல் சித்திரையோடு அமைதியை முடித்துக்கொள்ளும், வைகாசி பாதியில் கொந்தளிக்க ஆரம்பித்துவிடும். அடுத்த சித்திரைக்கு அவருக்குக் கண் இருக்குமா என்று யாருக்கும் தெரியாது.

என் மனைவி அன்று என்னை அடுக்களைக்குள் கூப்பிட்டு ஒரே ஒரு காரியம் கேட்டாள். "அண்ணன் ஓட்டட்டும். நீங்க கூட இருங்க, ஆனா கைய வைக்காதீங்க. எனக்காக இது ஒண்ணு செய்யுங்க." அவள் என்னிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை. சரி என்றேன். கையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னாள், செய்தேன்.

அவள் ஏன் பயந்தாள் என்று இங்கே சொல்லிவிடவேண்டும். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வாய் திறந்து கேட்டுவிட்டால் மச்சான் இல்லை என்று சொல்வதில்லை. சட்டமெல்லாம் இல்லை, ஆனால் சட்டத்தைவிடக் கெட்டி. கல்யாணமான புதிதில், அவர் கட்டியிருந்த கடிகாரம் நன்றாயிருக்கிறதே என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அங்கேயே கழற்றி என் கையில் கட்டிவிட்டார். அவர் விடுமுறைக்கு வந்து ஆசையாய் வாங்கிய மோட்டார் சைக்கிளை ஒரு வாரத்துக்கு என்று எடுத்துப்போய் மூன்று வருஷம் ஓட்டினேன். சூரியன் புளியறைப் பக்கம் உதிக்கிறது என்று நான் சொன்னாலும், மேற்கே ஒரு பார்வை பார்த்துவிட்டு "ஆமா மாப்ள" என்பார். நான் அதை மரியாதை என்று வாங்கிக்கொண்டேன். அவருக்கு அது என்னவாக இருந்தது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

தை பிறந்ததும் வேலையை ஆரம்பித்தோம். சாரல் காலத்து ஈரம் உள்ளே இறங்கிப் படகின் அடிப்பலகையெல்லாம் பச்சையாய்ப் பாசி. வெளிப்பக்கம் பைபர் என்றாலும் இருக்கைகள், சுக்கான், விளிம்புச் சட்டம் எல்லாம் மரம். அதை உப்புத்தாளால் தேய்த்து, வார்னிஷ் அடித்து, காயவிட்டு, மறுபடி தேய்த்து, மறுபடி அடிக்கவேண்டும். ஏழு பூச்சு. எனக்கு ஒரே பூச்சில் முடிக்கவேண்டும். தேய்த்துவிட்டேன் மச்சான் என்று நான் எழுந்திருப்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவார். வேலை இன்னும் முடியவில்லை என்று சொல்லமாட்டார், நான் மாப்பிள்ளை அல்லவா. நான் காபி குடிக்கப் போனதும் அந்த இடத்தைத் தானே மறுபடி தேய்த்து வைப்பார். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாசம் ஆயிற்று. கண்டுபிடித்த அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் ஒரு காலி டின்னை உதைத்தேன். அது காலி இல்லை. முற்றத்துச் சிமெண்டில் அந்த வார்னிஷ் இன்னும் பளபளக்கிறது.

பாயில் தையல் விட்டிருந்தது. தென்காசியில் லாரித் தார்ப்பாய் தைக்கிற கடைக்குக் கொண்டுபோனோம். அந்த அண்ணாச்சி துணியைப் பிசைந்து பார்த்து, இது எந்த வண்டிக்கு என்று கேட்டார். கடலில் ஓடுகிற வண்டிக்கு என்றேன். மனுஷர் ஒன்றும் கேட்காமல் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தார். அதை விரித்துச் சரிபார்க்க எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையைப் பிடித்தோம். இரண்டு மூலையை நான் பிடிக்க, கணவாய்க் காற்று ஒரு தூக்குத் தூக்கியது பாருங்கள், விட்டால் போதும் என்று ஓடிவிட்டேன். மச்சான் விடவில்லை. முகத்தை லேசாய்த் திருப்பி, காற்று கன்னத்தில் எந்தப் பக்கம் படுகிறது என்று பார்த்து, இரண்டடி நகர்ந்து நின்றார். பாய் தானாக அடங்கியது.

பங்குனியில் முற்றத்திலேயே, டிரெய்லர் மேல் நின்ற படகில் என்னை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார். சுக்கான் பிடியை இடது பக்கம் தள்ளினால் படகு வலது பக்கம் திரும்பும், வலது பக்கம் தள்ளினால் இடது பக்கம். கைக்குப் பழகுகிறவரை தினமும் கொஞ்ச நேரம் அசைத்துக்கொண்டே இருங்கள் என்றார். ஜீப் ஓட்டினவனுக்கு இது ஒரு பாடமா? தெரியும் மச்சான், தெரியும் மச்சான் என்று பத்துத் தடவை சொல்லி, இரண்டாம் நாளே எழுந்து போய்விட்டேன். கடைசியில் எனக்கு ஒரே வேலை கொடுத்தார். "நேரா இருக்கத நான் பாத்துக்கிடுதேன் மாப்ள. ரெண்டு பக்கமும் என்ன வருதுன்னு நீங்க வாயால சொல்லுங்க. அது போதும்."

சித்திரை இரண்டாம் வாரம் கிளம்பினோம். மினி லாரிக்குப் பின்னால் டிரெய்லர், அதன்மேல் படகு, படுக்கவைத்த பாய்மரம். புளியறை செக்போஸ்ட்டில் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்த இளைஞர் சினிமா ஷூட்டிங்கா என்று கேட்டார். நான் பழைய பழக்கத்தில் விறைத்துக்கொண்டு பதில் சொல்ல ஆரம்பித்தேன், மச்சான் சிரித்துப் பேசி இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டார். பக்கத்துக் கடையில் பரோட்டா சாப்பிட்டோம். சூடாக வந்ததை எல்லாம் என் இலைக்குத் தள்ளிவிட்டு ஆறினதை அவர் சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன், எதையும் யோசிக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் கொல்லத்தில் படகை இறக்கினோம். அந்த நேரத்தில் நிலத்திலிருந்து கடலைப் பார்த்து ஒரு மெல்லிய காற்று அடிக்கும். அதைப் பிடித்து வெளியே வந்து, கரையை இடது பக்கம் வைத்துக்கொண்டு தெற்கே திரும்பினோம். மச்சான் பின்னால் உட்கார்ந்து சுக்கான் பிடியை இடது கையில் லேசாக வைத்திருந்தார். தலையை மட்டும் மெதுவாக இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருப்பார், பார்வை இல்லாத பக்கத்தை எட்டிப் பிடிக்க. அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. கல்யாண வீட்டில்கூட ஓரமாய் நின்று பந்தியைக் கவனிக்கிற ஆள். அன்றைக்கு அவர்தான் நடு நாயகமாய் உட்கார்ந்திருந்தார்.

எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. படகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கிற வேகத்தில் போனது. கரையில் ஒரு தேவாலயம் தெரிந்தது, ஒரு மணி நேரம் கழித்தும் அதே தேவாலயம் அதே இடத்தில் நின்றது. எஞ்சினைப் போடுவோமா என்று கேட்டேன். சின்ன எஞ்சின் ஒன்று இருந்தது, ஆபத்துக்கு என்று. "போடணுமா மாப்ள?" என்றார். அவர் குரல் இறங்கியது எனக்கே கேட்டது, வேண்டாம் விடுங்கள் என்றேன். எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன், கயிறுகளை அவிழ்த்துச் சுருட்டினேன், சுருட்டினதையே மறுபடி சுருட்டினேன். நான் நகர்கிறபோதெல்லாம் படகு சாய்ந்தது. அவர் ஒவ்வொரு சாய்வுக்கும் கையைத் திருத்திக்கொண்டார்.

அன்று வர்க்கலைச் செம்மண் பாறைகளைப் பார்த்தபடி போய், சாயங்காலம் ஒரு காயல் முகத்தில் ஒதுங்கினோம். மறுநாள் மதியத்துக்குமேல் கடலிலிருந்து நல்ல காற்று எழுந்தது. மூன்று மணிவாக்கில் அவர் தேர்ந்தெடுத்த துறைமுகம் தெரிந்தது. பெயரைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. கடலுக்குள் நீளும் இரண்டு கல்வரிசை, நடுவில் வாசல், உள்ளே நீலமும் சிவப்புமாய்ப் படகுகள். மச்சான் படகைக் கிழக்கே திருப்பினார். காற்று எங்களுக்குப் பின்னால், கொஞ்சம் இடது பக்கமிருந்து அடித்தது. பாய் வலது பக்கம் நிறைந்து விரிந்தது. வாசல் அவருக்கு நேர் எதிரே இருந்தது, அவருக்கு மிச்சமிருந்த பார்வைக்குள் அப்படியே பொருந்தி.

"தெரியுது மாப்ள. நல்லாத் தெரியுது" என்றார்.

அப்போது இடது கல்வரிசைக்குப் பின்னாலிருந்து ஒரு மீன்பிடிப் படகு வெளியே வந்தது. தூரம் இருந்தது. நிறையவே இருந்தது என்று இப்போது சொல்லமுடிகிறது. இடது பக்கம் படகு, கொஞ்சம் வலது பக்கம் ஒதுங்குங்கள் மச்சான் என்று நான் சொல்லியிருக்கவேண்டும். என் வேலையே அதுதான். பக்கம் எப்படி இருக்கிறது என்று அவரும் கேட்டார். இந்த மனுஷருக்கு அது தெரியவே தெரியாது, முட்டப்போகிறார் என்ற ஒரே நினைப்பு. வாயில் வந்தது வேறு.

"குடுங்க மச்சான்."

கையை நீட்டிக்கொண்டே சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். பார்த்தார் என்றால், தலையை முழுசாகத் திருப்பி, என் முகத்தைத் தன் பார்வைக்குள் கொண்டுவந்து பார்த்தார். ஒரு விநாடி இருக்கும். பிறகு சுக்கான் பிடியை என் கையில் கொடுத்துவிட்டு, எழுந்து முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

வலது பக்கம் ஒதுங்க நினைத்து, ஜீப்பை ஒடிக்கிற மாதிரி பிடியை வலது பக்கம் தள்ளினேன். படகு இடது பக்கம் திரும்பி அந்த மீன்பிடிப் படகை நோக்கியே போனது. அங்கிருந்தவர்கள் கத்தினார்கள். பதறிப்போய் எதிர்ப்பக்கம் இழுத்தேன், முழு பலத்தோடு. படகு சுழன்று திரும்பியது, காற்று பாயின் மறுபக்கம் புகுந்தது, பாயின் அடியில் இருக்கிற கட்டை படகின் குறுக்கே வீசிக்கொண்டு போனது. மச்சான் காற்று மாறுவதைப் பிடரியில் உணர்ந்து முன்னமே குனிந்துவிட்டார். நான் குனியச் சொல்லவில்லை. அப்புறம் கீழே கல்லில் ஏதோ மோதி, மரம் பிளக்கிற சத்தம் கேட்டது. சுக்கானின் அடிப்பலகை இரண்டாய்ப் பிளந்துவிட்டது.

அவர் பாயை இறக்கினார். மீன்காரர்கள் கயிறு வீசினார்கள், அவர் பிடித்து முன்னால் கட்டினார். அவர்கள் எங்களை உள்ளே இழுத்துப் போனார்கள். திட்டக்கூட இல்லை, ஒருவர் தண்ணீர் பாட்டில் கொடுத்தார். வாசலைக் கடக்கும்போது மச்சான் எனக்கு முதுகைக் காட்டி, கயிறு கட்டின முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலைப் பார்க்கவில்லை. வளைகுடாவில் முதலாளிமார்களிடம் கொடுத்ததைப்போலவே இங்கே என்னிடம் கொடுத்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மண்டையில் அடித்துக்கொள்ளவேண்டும்போல் இருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் மச்சான் என்றேன். அதுக்கென்ன மாப்ள, பலகைதானே, மாத்திக்கிடலாம் என்றார்.

ஊர் திரும்புகிற வழி முழுக்க நான் பேசிக்கொண்டே வந்தேன். காற்றைக் குறை சொன்னேன், கல்லைக் குறை சொன்னேன், மீன்காரர்கள் வேகமாய் வந்ததாகச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் ஆமா மாப்ள, ஆமா மாப்ள. ஆரியங்காவு தாண்டியதும் எனக்கே என் குரல் பிடிக்காமல் நிறுத்திவிட்டேன். வீட்டில் என் மனைவி எங்கள் முகத்தைப் பார்த்ததுமே கண்டுகொண்டாள். மறுநாள் சோறு போட்டுவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "வாட்ச கேட்டீங்க, குடுத்தாவ. வண்டிய கேட்டீங்க, குடுத்தாவ. இதையுமா கேட்கணும்?" நான் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டேன்.

வைகாசி கடைசியில் மலையில் மேகம் இறங்கியது, சாரல் ஆரம்பித்தது, கடல் மூடிக்கொண்டது. அதே வாரம் திருநெல்வேலிக்கு அவரைக் கூட்டிப்போனேன். டாக்டர் வலது கண்ணை விட்டுவிட்டு இடது கண்ணைப் பற்றி மட்டுமே பேசினார். வெளியே வந்து ஜூஸ் கடையில் உட்கார்ந்தபோது, அடுத்த சித்திரைக்குப் போவோம் மச்சான், நான் கிட்டேயே வரமாட்டேன், நீங்களே கட்டலாம் என்றேன். அவர் டம்ளரைக் கையால் தேடிப் பிடித்துக்கொண்டு, போவோம் மாப்ள என்றார். நான் கேட்டால் அவர் வேறென்ன சொல்வார்?

ஆனி மாசம் ஒரு மத்தியானம் மேலகரம் போனேன். அருவிக்குப் போகிற கார்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. முற்றத்தில் மச்சான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மடியில் புதுச் சுக்கான் பலகையை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். தச்சரிடம் தேக்கு வாங்கி அவரே அறுத்து இழைத்தது. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். நாலு இழுப்பு இழுப்பார், உள்ளங்கையால் தடவுவார், மறுபடி நாலு இழுப்பு. மலைப்பக்கமிருந்து சாரல் வருவது தெரிந்தது. பலகை நனைந்தால் இத்தனை நாள் வேலையும் போகும். இவர் இந்த வேகத்தில் தேய்த்தால் இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். நான் தேய்த்தால் பத்து நிமிஷம். எனக்குக் கை பரபரத்தது. நீட்டிவிட்டேன்.

"குடுங்க மச்சான், நான் முடிச்சிருதேன்."

அவர் கை நின்றது. தலையைத் திருப்பவில்லை, திருப்பினாலும் இப்போது அதிகம் தெரியாது. பலகையை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"இல்ல மாப்ள," என்றார். "தரமாட்டேன்."

ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டவர்போல் தலையைக் குனிந்துகொண்டார். அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது, சொல்லவேண்டிய இடத்தில் நான் அவரைச் சொல்லவிடவில்லை. இனி எந்தத் துறைமுகத்தின் வாசலையும் அவர் பார்க்கப்போவதில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நான் நீட்டின கையை எடுத்துக்கொண்டேன். சாரல் விழ ஆரம்பித்தது. உள்ளே போய்க் குடையை எடுத்துவந்து, அவருக்கும் பலகைக்கும் மேலே விரித்துப் பிடித்துக்கொண்டு, அவர் தேய்த்து முடிக்கிறவரை வாயைத் திறக்காமல் நின்றேன்.